பக்கவாதத்தில் முடங்கிய கைக்கு ஒரு கண்ணாடி உதவுமா?

பக்கவாதத்துக்குச் சேலத்தில் சிகிச்சை முடிந்து வாழப்பாடி திரும்புபவர் கேட்கும் முதல் கேள்வி: "கை பழையபடி வருமா?" தினமும் பிசியோதெரபிக்கு பஸ் ஏறி இறங்க எல்லோராலும் முடியாது.

இங்கேதான் முகம் பார்க்கும் கண்ணாடி கைகொடுக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காக 1990-களில் உருவாக்கிய முறை இது. 1999-ல் பக்கவாத நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டது.

எப்படி? மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, முடங்கிய கையை அதன் பின்னால் வைக்க வேண்டும். நல்ல கையை அசைத்தபடி பிம்பத்தைப் பார்த்தால், முடங்கிய கையே அசைவதுபோல மூளைக்குத் தோன்றும்.

பலன் உண்டா? 62 ஆய்வுகளை அலசிய 2018 காக்ரேன் மதிப்பீடு, வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் அசைவுத் திறன் கூடுவதாகச் சொல்கிறது. ஆனா, பிசியோதெரபிக்கு இது மாற்று இல்லை. முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கத்துக்கிட்டு, அப்புறம் வீட்டில் தொடருங்க.