வரவறிந்து ஓடும் இதய பம்ப்

விருதுநகர்ப் பக்கம் கரிசலில் போர்வெல் போட்டவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கீழே தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடினால் காயில் புகைந்துவிடும். அதற்காக ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு காவல் வைப்பார்கள். தூக்கத் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறையும். குறைந்ததும் பெட்டி அதை நிறுத்திவிடும். நலிந்த இதயத்துக்குத் துணையாக வைக்கும் பம்பும் இந்த உளவைத்தான் நம்புகிறது.

நல்ல இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பும். கூடுதலாக வந்தால் தசை அதிகம் விரிந்து, அதற்கேற்ப வலுவாகச் சுருங்கும். ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற இரு உடலியலாளர்களின் பெயரால் அறியப்படும் விதி இது. தசை நைந்துபோனால் இந்த வரவு-செலவு குலைகிறது.

அப்போது கைகொடுப்பது எல்.வி.ஏ.டி. என்னும் இடது கீழறைத் துணைப் பம்ப். இன்று அதிகம் பயன்படுவது ஹார்ட்மேட் 3. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. இடது கீழறையின் நுனியில் அமர்ந்து, ரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குத் தள்ளுகிறது. உள்ளே சுழலும் சக்கரம் காந்தப்புலத்தில் எதையும் தொடாமல் மிதப்பதால் ரத்த அணுக்கள் அதிகம் சிதைவதில்லை. வயிற்றுத் தோல் வழியே வரும் வயர், இடுப்பிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியோடும் பேட்டரிகளோடும் இணைகிறது. ரத்தம் ஏறக்குறைய சீராக ஓடுவதால் பலருக்கு நாடி பிடிபடாது.

சக்கரத்தின் வேகத்தை மருத்துவர்தான் குறித்துத் தருகிறார். ஆனால் வயிற்றுப்போக்கிலோ கோடையிலோ உடல்நீர் வற்றினால், இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும். பம்ப் அதே வேகத்தில் இழுத்தால் கீழறைச் சுவரே உள்ளிழுக்கப்படும், துடிப்பும் தாறுமாறாகலாம். ரத்த ஓட்டத்தை நேரே அளக்காமல், மோட்டாரின் மின்நுகர்விலிருந்தும் வேகத்திலிருந்தும் கணிக்கிறது பெட்டி. அதில் ஏற்ற இறக்கம் திடீரென மாறினால் வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றுகிறது. போர்வெல் மோட்டாரைப்போல் நின்றுவிட முடியாது. இதில் வால்வு இல்லை. நின்றால் ரத்தம் பின்னோக்கிப் பாயும்.

முழுமையான செயற்கை இதயமான பிரான்சின் ஏசன், அழுத்த உணரிகளைக் கொண்டு தன் ஓட்டத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. 2020இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது.

தமிழ்நாட்டில் எல்.வி.ஏ.டி. பொருத்துவதில் சென்னையின் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழு முன்னோடி. விருதுநகர்ப் பக்கத்துச் சிவகாசியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். அன்றாடப் பராமரிப்பு வீட்டில்தான். பட்டாசு ஆலை அஞ்சும் நிலைமின்சாரம் இக்கருவிக்கும் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, வயர் நுழையும் இடத்தில் சுத்தம், எப்போதும் சார்ஜ் ஏறிய மாற்று பேட்டரி: இவற்றை யார் கவனிப்பது என்பதை, பணத்தைப் புரட்டுவதற்கு முன்பே குடும்பம் பேசி முடிவெடுக்க வேண்டும்.