மருந்துண்டு, வழியில்லை

பாம்புக் கடிக்கு மருந்தே இல்லாத காலம் மலையேறிவிட்டது. நாக விஷத்துக்கென்று பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் கண்ட மருந்து தம் நாட்டுப் பாம்புகளின் விஷத்தை முறிக்காதென நிரூபித்தவர் பிரேஸில் தேசத்து டாக்டர் விடால் பிரேஸில். அந்தந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தே பலிக்கும் என்றார் அவர். 1901-ல் ஸாவோ பாலோவில் தோன்றிய புட்டன்டான் ஸ்தாபனம் இன்றும் அதைத் தயாரிக்கிறது. அந்நாட்டுச் சர்க்கார் இலவசமாகவே வழங்குகிறது.

அவ்வாறிருந்தும் அமேஸான் வனத்து ஜனங்கள் மடிவானேன்? கடிபட்டவன் ஆற்றங்கரை ஏழை, ஆஸ்பத்திரியோ நகரத்தில். இடையே படகில் பல மணி நேரப் பிரயாணம். அதற்குள் ஜராராக்கா பாம்பின் விஷம் இரத்தத்தை உறையவொட்டாது செய்து, சதையை அழித்து, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுகிறது. இறுகக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும் தீங்கையே பெருக்கும். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டியிருப்பதால் மின்சாரமில்லாக் கிராமங்களுக்கு அது எட்டுவதில்லை.

2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது. ஜாபிதா மட்டும் உயிர் காக்குமா? குளிர்ச்சி வேண்டாத உலர்ந்த மருந்தும், அதைச் செலுத்தப் பயின்ற தாதியரும் வனத்துச் சிறு வைத்திய நிலையங்களுக்குச் செல்ல வேண்டும். மருந்தைச் செய்வதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. கடிபட்டவனுக்கு அது எட்டும்போதே தீரும் என்பது நமது அபிப்பிராயம்.