ஆயிரம் கெஜத்தைக் கடக்கும் ஒன்றரை விநாடி

ஆடி மாதத்தில் சேத்தூர்ப் பக்கம் வயல்வெளியில் நின்றவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று ஒரே சீராக வராது. ஒரு வீச்சில் தென்னை மட்டைகளையெல்லாம் கிழக்கே சாய்க்கும், சட்டென்று அடங்கும், அடுத்து வேறொரு கோணத்தில் வந்து மோதும். பக்கத்துத் தோப்பு ஆடும்போது இந்தத் தோப்பில் இலை அசையாமல் இருக்கும். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கண், நம் ஊரில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு விளையாட்டில் பெரிய சொத்து. அதுதான் நெடுந்தொலைவு ரைஃபிள் சுடும் போட்டி.

இலக்கு இருப்பது 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டருக்கு அப்பால். அதன் நடுவட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டடி. பாரம்பரிய வகைப் போட்டியில் ரைஃபிளின் மேல் தொலைநோக்கி கிடையாது. கண்ணருகே ஊசித்துளை போன்ற ஒரு வட்டம், குழலின் முனையில் இன்னொரு வட்டம், அவ்வளவுதான். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே, மணல் துகள் அளவுக்குத் தெரியும் கறுப்புப் பொட்டை நிறுத்திச் சுட வேண்டும். முதல் முறை வருகிறவர்கள் இலக்கைப் பார்த்ததும் மலைத்துப் போவது இயல்பு. ஆனால் அந்தப் பொட்டுக்கு நேரே துப்பாக்கியைப் பிடிப்பது அப்படியொன்றும் பெரிய கஷ்டமில்லை. தரையில் குப்புறப் படுத்து, தோள் வாரை இறுக்கி, பாதி மூச்சை விட்டு நிறுத்திக்கொண்டால் சில நாள் பயிற்சியில் வந்துவிடும். குண்டு குழலை விட்டுப் போன பிறகு நடப்பதுதான் இந்த விளையாட்டின் விஷயம் முழுவதும்.

போட்டியாக இது தொடங்கியது 1860-இல், லண்டனை அடுத்த விம்பிள்டன் வெளியில். அந்த ஆண்டு ஜூலை 2 அன்று விக்டோரியா ராணி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், அறுகோணத் துளை கொண்ட தன் ரைஃபிளை ஓர் இரும்புத் தாங்கியில் பொருத்திக் குறி பார்த்து வைத்திருந்தார். ராணி பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்தில் இருந்த இலக்கின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி குண்டு பாய்ந்தது. அந்த முதல் ஆண்டு ராணி பரிசை வென்ற எட்வர்ட் ராஸுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1890-இல் போட்டி பிஸ்லி என்ற இடத்துக்கு மாறியது. இன்றுவரை அங்கேதான் நடக்கிறது. 1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண் அங்கே அதே பரிசை (அப்போது அரசர் பரிசு) வென்றார், ராணுவத்தாரையெல்லாம் முந்திக்கொண்டு. ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் படுத்துச் சுடும் போட்டி இது. தோள் பலத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

இந்த விளையாட்டின் அறிவியலுக்கு வேர் தேடிப் போனால் வழி கடலூரில் வந்து நிற்பது எனக்குத் தீராத வியப்பு. கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சல் கண்டு இறந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750-இல் இங்கே வந்த பொறியாளர். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1742-இல், பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவைப் புரட்டிப் போட்டிருந்தது. கணிதமேதை ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார்.

ராபின்ஸ் செய்தது எளிமையான வேலை. கனமான ஒரு மரப்பலகையை ஊசல் போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். பலகை எவ்வளவு பின்னால் போகிறது என்று அளந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். பிறகு ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். போகப் போக வேகம் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. அதுவரை அறிஞர்கள் பலரும், குண்டு போன்ற கனமான பொருளுக்குக் காற்று ஒரு தடையே அல்ல என்று நம்பியிருந்தார்கள். ராபின்ஸின் கணக்கோ, வேகமாகப் போகும் ஈயக் குண்டைக் காற்று அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விசையுடன் எதிர்க்கிறது என்றது. நாம் தினமும் நடந்து கடக்கும் இந்தக் காற்று, அந்த வேகத்தில் வரும் பொருளுக்குச் சுவர்!

அவருடைய இன்னொரு சோதனை இன்னும் அழகு. துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாகச் சற்றே வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டினார். சுட்டால் குண்டு இடப்பக்கம்தானே போக வேண்டும்? கிளம்பும்போது இடப்பக்கம்தான் போனது. ஆனால் திரைகளில் விழுந்த ஓட்டைகளை வரிசையாகப் பார்த்தால், போகப் போக அது வலப்பக்கம் வளைந்திருந்தது. வளைந்த குழலின் வலச் சுவரில் உரசி உருண்டதால் குண்டு ஒரு சுழற்சியைப் பெற்றிருந்தது. அந்தச் சுழற்சியைக் காற்று பற்றி இழுத்துவிட்டது. சாதாரணத் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டும் குழலுக்குள் எங்கெங்கோ உரசி, ஏதோ ஒரு பக்கம் சுழன்றுகொண்டு வெளியே வருகிறது. அதனால்தான் குறி தப்புகிறது என்று அவருக்குப் புரிந்தது. சுழற்சியைத் தடுக்க முடியாது, ஆனால் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல வைத்தால்? குழலின் உட்சுவரில் திருகு போன்ற வரிப்பள்ளம் வெட்டும் முறை ஏற்கெனவே இருந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்ற காரணத்தை 1747-இல் ராயல் சொசைட்டியில் விளக்கியவர் இவர்தான்.

அவர் கடலூரில் இறந்த நான்கைந்து ஆண்டுகளில் பாளையக்காரர் புலித்தேவர் நெற்கட்டும்செவலில் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றார். அவரோடு சேர்ந்து நின்ற மேற்குப் பாளையங்களில் சேத்தூரும் ஒன்று. இரு தரப்பிலும் இருந்தவை பெரும்பாலும் வரியில்லாத குழல்கள். நூறு கெஜத்துக்கு மேல் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தின் கையில் இருந்த காலம் அது.

இன்றைய போட்டி ரைஃபிளுக்கு வருவோம். சுமார் 10 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. வரிப்பள்ளம் ஓர் அடி நீளத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதால், குண்டு விநாடிக்கு மூவாயிரம் முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல், இந்தச் சுழற்சி இருக்கும்வரை குண்டின் மூக்கு முன்னோக்கியே இருக்கும். இலக்கை அடைய ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் காற்றுத் தடையால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, ஒலியின் வேகத்தைக் கொஞ்சமே மிஞ்சி நிற்கும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 9, 10 மீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்டக் குழலைச் சற்று மேல்நோக்கி வைப்பதால், குண்டு வழியில் ஒரு மாடி உயரம் ஏறித்தான் இறங்குகிறது. இந்த இறக்கம் மாறாத கணக்கு. முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளலாம். காற்றை அப்படி அளந்து வைக்க முடியாது.

மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால் குண்டு 2 மீட்டருக்கும் மேல் ஒதுங்கும். அந்தக் காற்று விநாடிக்கு நாலரை மீட்டர் நகர்கிறது. ஒன்றரை விநாடியில் கிட்டத்தட்ட 7 மீட்டர். அப்படியானால் குண்டும் 7 மீட்டர் அடித்துச் செல்லப்பட வேண்டாமா? இங்கேதான் ஓர் அற்புதமான விதி இருக்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே குண்டு இந்தத் தொலைவை ஒரே விநாடியில் கடந்திருக்கும். காற்றுத் தடையால் அரை விநாடி தாமதம். அந்தத் தாமத நேரத்தில் மட்டும் காற்று எவ்வளவு தூரம் நகருமோ, அவ்வளவுதான் குண்டு ஒதுங்கும். அரை விநாடிக்கு 2 மீட்டர் சொச்சம், கணக்குச் சரியாகிவிட்டது. பக்கவாட்டுக் காற்று குண்டை நேரடியாகத் தள்ளுவதில்லை. குண்டின் மூக்கு, வரும் காற்றின் பக்கம் மிக லேசாகத் திரும்பிவிடுகிறது. பிறகு அதைப் பின்னோக்கி இழுக்கும் தடை விசையே சற்றுச் சாய்ந்து, பக்கவாட்டிலும் இழுக்கிறது. தாமதம் குறையக் குறைய ஒதுக்கமும் குறையும். போட்டிக் குண்டுகள் ஒல்லியாக, நீளமாக, கூராக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைப் புதியவர் மனசில் இறக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. நடுவட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை ஓர் அடி, 30 செ.மீ. காற்றின் வேகத்தை மணிக்கு 2 கி.மீ. தவறாகக் கணித்தால் அந்த 30 செ.மீ. போய்விடும். நாம் ஆற அமர நடக்கும் வேகத்தில் பாதி அது. முகத்தில் பட்டால் சரியாக உணரக்கூட முடியாத வித்தியாசம்.

பூமியின் சுழற்சியும் கணக்கில் வருகிறது. பிஸ்லி இருப்பது வட அட்சம் 51 டிகிரியில். அங்கே பூமி சுழல்வதால் குண்டு 8 செ.மீ. அளவுக்கு வலப்பக்கம் நகரும். சேத்தூர் 9 டிகிரி சொச்சத்தில் இருப்பதால் இங்கே அது 2 செ.மீ.கூட வராது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வேறொரு விளைவு கூடுகிறது. சேத்தூரில் மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சுட்டால் குண்டு 10 செ.மீ. மேலே போய்ப் படும். மலையைப் பார்த்து மேற்கே சுட்டால் அதே அளவு கீழே படும். கிழக்கே போகும் பொருளுக்குப் பூமியின் சுழற்சி கூடச் சேர்ந்து எடையைத் துளி குறைக்கிறது, மேற்கே போனால் துளி கூட்டுகிறது. நிமிர்ந்து நடக்கும்போதுகூட இந்த வித்தியாசம் நம் உடம்பில் இருக்கிறது. ஆயிரம் கெஜம் போன குண்டுதான் அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

முதல் போட்டி நாளில் இத்தனையும் ஒரே நேரத்தில் தலைமேல் வந்து விழும். ஓர் இலக்குக்கு இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். ஒருவர் சுட்டதும் அடுத்தவர், மாறி மாறி. நீங்கள் சுட்டால் அவர் உங்கள் புள்ளிகளை எழுதுவார், அவர் சுட்டால் நீங்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் 45 விநாடி அவகாசம். முதல் இரண்டு குண்டு சரிபார்க்க. பிறகு பத்தோ பதினைந்தோ கணக்கில் சேரும். நடுவட்டத்துக்கு 5 புள்ளி, வெளியே போகப் போக 4, 3, 2, 1. இலக்குகள் எண் போட்டு வரிசையாக நிற்பதால், புதியவர்கள் பதற்றத்தில் அடுத்தவர் இலக்கில் சுட்டுவிடுவது சகஜம். எவ்வளவு அருமையாக நடுவில் பட்டிருந்தாலும் சுட்டவருக்கு அது பூஜ்யம்.

காற்றுக்குக் கொடிகள் கட்டியிருப்பார்கள். அனுபவசாலிகள் கொடியைவிட நம்புவது கானலை. பக்கத்தில் நிறுத்திய தொலைநோக்கியை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் வெளியில் கூர்மைப்படுத்தினால், சூடான காற்று நெளிநெளியாக ஓடுவது தெரியும். மே மாதத் தார்ச்சாலைமேல் தெரியுமே, அதேதான். நெளிவு இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அப்படியே. வேகம் கூடக் கூட நெளிவு தட்டையாகும். நேராக மேல்நோக்கிக் கொதிப்பதுபோல் தெரிந்தால் குறுக்குக் காற்று நின்றிருக்கிறது, அல்லது திசை மாறப்போகிறது. அந்த நேரத்தில் விசையைத் தொடாமல் காத்திருப்பார்கள் தேர்ந்தவர்கள். சுடுபவருக்குப் பக்கத்தில் வீசும் காற்றுக்குத் தனி மரியாதை உண்டு. தொடக்கத்தில் வாங்கிய சின்னச் சாய்வு, மீதித் தூரம் முழுக்க வளர்ந்துகொண்டே போகும்.

சுட்டு முடித்தால் வேலை முடியாது. பல இடங்களில் இலக்குக்கு அடியில் இருக்கும் பள்ளத்திலும் முறை வைத்து நிற்க வேண்டும். அங்கே தலைக்கு மேலே குண்டு பறக்கும்போது சாட்டை வீசியதுபோல் ஒரு வெடிப்பு, காதைத் துளைக்கும். ஒலியை முந்தி வரும் குண்டின் அதிர்வலை அது. துப்பாக்கியின் சொந்தச் சத்தம் ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கி, அடங்கிய குரலில் 'தும்' என்று வரும். உடனே இலக்கைக் கீழே இறக்கி, ஓட்டையில் ஒரு வட்டத்தகடு செருகி, மேலே ஏற்ற வேண்டும். சுடுமிடத்தில் படுத்திருப்பவர் தொலைநோக்கியில் அதைப் பார்த்துத்தான் காற்றை அடுத்த குண்டுக்குத் திருத்துவார். என்னைக் கேட்டால், புதியவர் சுடுவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தில் ஒரு முறை நின்றுவிட வேண்டும். காற்றுக் கணக்கு எவ்வளவு உண்மை என்பதை ஓட்டைகள் விழும் இடம் உறுதியாகச் சொல்லிவிடும்.

இந்தியாவில் இப்படிப்பட்ட போட்டியை நம் மக்கள் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில். குர்காவ் அருகே காதர்பூரில் உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகத்தில் அது நடந்தது. இரட்டையர் பிரிவில் தங்கம் வென்ற இங்கிலாந்து ஜோடியில் ஒருவர் பராக் படேல். நம்மவர்கள் அதிகம் சாதித்திருப்பது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் அதில் சுட்ட இளவேனில் வாலறிவன் 1999-இல் பிறந்தது, ராபின்ஸ் கண்மூடிய அதே கடலூரில். அரங்குக்குள் நடக்கும் அந்தப் போட்டியில் காற்றுக்கு இடமே இல்லை. உடம்பையும் மூச்சையும் விசையையும் மட்டும் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது. நெடுந்தொலைவுக்கு ஆசைப்படுகிறவருக்கும் அங்கேதான் தொடக்கம். அடுத்த வகுப்பு 50 மீட்டர், திறந்த வெளி. 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். மெதுவாகப் போகும் சின்னத் தோட்டாவை அந்தச் சிறு தூரத்திலேயே குறுக்குக் காற்று சில சென்டிமீட்டர் நகர்த்திவிடும். சுடுமிடத்துக்கும் இலக்குக்கும் நடுவே குட்டிக் கொடிகள் படபடத்துக்கொண்டிருக்கும். முதல் குண்டுக்கு முன் எந்தக் கொடியைப் பார்ப்பது என்று ஒருவர் தீர்மானிக்கத் தொடங்குவது அங்கேதான்.