வீட்டுத் தேனைப் போட்டிக்கு அனுப்பும் முன்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பங்களில் இரண்டு மூன்று தேன் பெட்டிகளாவது வைத்துப் பார்க்கும் ஆர்வம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சும் தேனைக் கண்காட்சிப் போட்டியில் வைக்கலாமா, பரிசுப் பணம் ஹலாலா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி சின்னதுதான். ஆனால் வியாபார நேர்மை, சூதாட்டம், மது ஆகிய மூன்று மஸ்அலாக்கள் அதற்குள் இருக்கின்றன.

சூரா அந்நஹ்லின் 68, 69ஆம் வசனங்களில் அல்லாஹ் தேனீக்கு மூன்று வசிப்பிடங்களைச் சொல்கிறான்: மலைகள், மரங்கள், மனிதர் கட்டுபவை. நம் பகுதியில் இந்த மூன்றையும் கண்ணால் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் மலைத்தேனீ, வேலியிலும் கிளையிலும் கொம்புத் தேனீ, நம் பெட்டியில் அடுக்குத் தேனீ. (அந்த வசனங்களில் தேனீயைப் பெண்பாலாகவே விளித்திருக்கிறது. உழைக்கும் தேனீக்கள் எல்லாம் பெண் என்பதை மதரஸாவில் இலக்கணம் படித்தபோது யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.)

இந்த மூன்றில் பெட்டியில் வளர்வது அடுக்குத் தேனீ ஒன்றுதான். அதற்கேற்ற சிறிய பெட்டியை நூறாண்டுகளுக்கு முன் திருச்சியில் வடிவமைத்தவர் நியூட்டன் என்ற பாதிரியார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. எனவே செண்பகத்தோப்புப் பக்கம் பளியர் மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்து வரும் தேனை வாங்கி, 'எங்கள் வீட்டுத் தேன்' என்று போட்டியில் வைப்பது அப்பட்டமான பொய். அது நல்ல தேன்தானே என்று சமாதானம் சொல்லக்கூடாது. பொருள் நல்லதாக இருந்தாலும் சொன்ன சொல் பொய்தான்.

போட்டியில் நடுவர் எதைப் பார்ப்பார்? இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியத் தேன் கண்காட்சி இதற்கு நல்ல உதாரணம். எல்லோரும் ஒரே மாதிரியான 454 கிராம் பாட்டிலில்தான் தேன் வைக்க வேண்டும். வளர்த்தவர் பெயர் பாட்டிலில் இருக்காது, எண் மட்டும்தான். வெளிர் நிறம், நடுத்தரம், அடர் நிறம் என்று வண்ணக் கண்ணாடி வைத்துப் பிரிக்கிறார்கள். தூசி, மெழுகுத் துகள், நுரை, மூடியின் உள்பக்கம் என எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மணமும் சுவையும். நம் ஊரில் போட்டி நடத்துபவர்களும் பெயரை மறைக்கும் அந்த ஒரு விதியையாவது எடுத்துக்கொள்ளலாம். நடுவரின் மனம் சாய்வதற்கு வழி இருக்காது.

பரிசை விட முக்கியமானது ஈரப்பதம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அடுக்குத் தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் கூடுதல். அடையின் அறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடப்பட்ட பிறகே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த தேன் சில வாரங்களில் நுரைக்கும், புளித்த வாடை வரும். ஈரத்தைக் குறைக்கிறேன் என்று அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் மணம் போய்விடும். காய்ச்சியதை ஆய்வகமும் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, இரண்டு நாள் மூடி வைத்து, மேலே வரும் நுரையை வழித்துவிட்டு பாட்டிலில் ஊற்றினாலே போதும்.

அடுத்தது சர்க்கரைப் பாகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இல்லாதபோது தேனீக்குப் பாகு கொடுப்பது வழக்கம். அது தவறல்ல, உயிரைக் காப்பது. ஆனால் தை, மாசியில் மா பூக்கத் தொடங்கும்போது பாகை நிறுத்திவிட வேண்டும். பாகு கொடுத்த நாட்களில் தேன் அறையில் சேர்ந்ததைத் 'தேன்' என்று விற்றாலோ போட்டியில் வைத்தாலோ அது மோசடி. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் (முஸ்லிம்) நம் எல்லோருக்கும் தெரியும். பாகுத் தேனும் அந்த ஈரத் தானியமும் ஒன்றே.

எறும்பு மொய்க்காது, தண்ணீரில் கரையாது, தாளில் ஊறாது என்று வீட்டில் செய்யும் சோதனைகளை நம்பி 'சுத்தமான தேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனியில் நவீன ஆய்வுக்கு அனுப்பியபோது 10 தேறவில்லை. நிறுவனங்கள் மறுத்தன, அது வேறு விஷயம். இவ்வளவு நுட்பமான கலப்படத்தை எறும்பு கண்டுபிடிக்காது. நம் பெட்டியை நாம் எப்படிப் பராமரித்தோம் என்பதே நமக்குள்ள சாட்சி.

இனி பரிசு. ஆளுக்கு 100 ரூபாய் வீதம் 50 பேரிடம் வாங்கி, அந்த 5,000 ரூபாயையே வென்றவருக்குக் கொடுத்தால், எல்லோரும் பணம் போட்டு ஒருவர் அள்ளிக்கொள்ளும் கிமார், அதாவது சூது ஆகிவிடும். பரிசைத் துறையோ, சங்கமோ, ஊர்ப் பெரியவரோ தம் பணத்திலிருந்து கொடுத்தால் அது அன்பளிப்பு. கட்டணம் பந்தலுக்கும் மேசைக்கும் மட்டும் செலவாகி, பரிசு வேறு இடத்திலிருந்து வந்தால் இக்கால உலமாக்கள் பலர் அனுமதிக்கிறார்கள். ஒட்டகம், குதிரை, அம்பு தவிர வேறெதிலும் பந்தயப் பரிசு கூடாது என்ற கருத்திலுள்ள ஹதீஸை வைத்துப் பேணுதலாக ஒதுங்குபவர்களும் உண்டு. ஆகவே பெயர் கொடுக்கும் முன் அமைப்பாளரிடம், 'பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. மேலே சொன்ன கண்காட்சியில் தேனிலிருந்து வடிக்கும் மதுவுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. யமன் நாட்டுத் தேன் மதுவான 'பித்உ' பற்றிக் கேட்கப்பட்டபோதுதான், போதை தரும் பானம் அனைத்தும் ஹராம் என்ற தீர்ப்பை நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). தேனில் செய்தது என்பதால் சலுகை கிடையாது.

பாட்டிலில் ஒட்டும் தாளில் சர்வரோக நிவாரணி என்று எழுதாதீர்கள். தேனில் ஷிஃபா உண்டு என்பது நம் ஈமான். சர்க்கரை நோய் தீரும் என்பது விளம்பரம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விஷம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்தது பேரீச்சம் பழத்தால்தான்.

பக்கத்துத் தோப்புக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். மாம்பூவில் தத்துப்பூச்சிக்குப் பகலில் மருந்து அடித்தால் நம் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் சாகும். பொழுது சாய்ந்து, தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு அடிக்கச் சொல்லலாம். புதிதாகத் தொடங்குவோர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்குப் போய்வருவது நல்லது.

கடைசியாக ஜகாத். ஹனஃபி மத்ஹபில் உஷ்ரி நிலத்துத் தேனில் பத்தில் ஒரு பங்கு உஷ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் தேனுக்கு அது இல்லை. விற்ற பணம் சேர்ந்து நிஸாபை அடைந்து ஓராண்டு நின்றால் பணத்துக்குரிய ஜகாத். இந்திய நிலங்கள் உஷ்ரி நிலமா என்பதிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ளதால், பெட்டி யார் நிலத்தில் இருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை கிலோ கிடைத்தது என்ற விவரத்தோடு உங்கள் மஹல்லா இமாமை அணுகுங்கள்.