உயர்தரப் பாடசாலையிற் கட்டடக் கலைப் பயிற்சி

கட்டடக் கலை என்பது கலாசாலையிற் சேர்ந்த பின்னரே கற்கத்தக்கது என்பது நம்மவருட் பலருடைய கருத்து. இன்றைய ஏற்பாடும் இதற்கு இசைந்தே இருக்கிறது. மேனிலை வகுப்பிற் கணிதம் பயின்று, தகுதித் தேர்விலும் தேறியவரே ஐந்தாண்டுக் கட்டடக் கலைப் பட்டப் படிப்பிற்கு உரியவராவர். அதற்குமுன் பாடசாலைகளில் இக்கலைக்கெனத் தனிப்பாடம் பெரும்பாலும் இல்லை. ஆயினும், இதன் முதற்பாடத்தைப் பதினைந்து வயதிலேயே கற்கலாம் என்றும், அவ்வாறு கற்பதற்கு அவசரமானதொரு காரணம் உண்டென்றும் நாம் கருதுகிறோம். புதுவை நகரைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

அம்முதற்பாடம் யாதெனின், அளத்தல், வரைதல், காரணம் வினாவுதல் ஆகிய மூன்றேயாம். இதற்கு வேண்டுவன ஓர் அளவு நாடாவும், கட்டமிட்ட காகிதமும், பென்சிலுமே. ஒரு மீட்டரை ஒரு சென்டிமீட்டராகக் குறுக்கி வரைந்தால், பத்து மீட்டர் அகலமுள்ள வீடு ஒரு கையேட்டின் பக்கத்தில் அடங்கிவிடும். கட்டடத்தை இடுப்பளவு உயரத்திற் கிடையாக அறுத்து மேலிருந்து நோக்கினாற்போல் வரைவது தளப்படம். கூரை முதல் தரை வரை நெடுக அறுத்துப் பக்கவாட்டில் நோக்கினாற்போல் வரைவது வெட்டுப்படம். தெருவில் நின்று காண்பதை வரைவது முகப்புப்படம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓர் அறையின் நான்கு பக்கங்களை மாத்திரம் அளந்தால் அதன் வடிவம் உறுதிப்படாது. மூலைவிட்டத்தையும் அளத்தல் வேண்டும். பக்கங்கள் மூன்று மீட்டரும் நான்கு மீட்டருமாயின், மூலை நேராயிருந்தால் மூலைவிட்டம் ஐந்து மீட்டராகும். குறைந்தாலும் மிகுந்தாலும் சுவர் கோணியிருக்கிறதென்பது தெளிவு. வகுப்பில் மனனம் செய்த க்ஷேத்திர கணிதம் இவ்விடத்தில் உயிர்பெறுகிறது.

நிற்க. இக்கருவிகளுடன் புதுவையின் தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதிக்குச் செல்வோம். வீதியோரமாக மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதனையடுத்துத் திண்ணை, பின் நடை, அதன்பின் வானம் பார்த்த முற்றம் என்று வீடு உள்நோக்கிச் செல்கிறது. தளப்படத்தில் இவ்வரிசை புலப்படும், காரணம் புலப்படாது. வெட்டுப்படம் வரைந்தவுடனே காரணமும் விளங்குகிறது. வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியாக மேலெழ, வீதியின் நிழலிலுள்ள காற்று நடையின் வழியாக உள்ளே வருகிறது. தாழ்வாரமோ வீட்டாருக்கு மாத்திரமன்றி வழிப்போக்கருக்கும் நிழல் தருவது. தன் மனையிற் பிறர்க்கும் ஓரிடம் ஒதுக்கிய பண்பை அளவு நாடா நமக்குக் காட்டுகிறது.

இனி, வாய்க்காலைக் கடந்து கடற்கரைப் பகுதியை அடைவோம். 1693 முதல் 1699 வரை இந்நகரைத் தம்வசம் வைத்திருந்த ஒல்லாந்தர் வகுத்த நேர்வீதித் திட்டமே இரு பகுதிகளுக்கும் அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் அதனைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் மீண்டும் எழுப்பினர். இங்கே வீதிக்கு முகம் காட்டுவது திண்ணையன்று, உயர்ந்த மதில். அதற்குள்ளே தோட்டமும், வளைவுகள் தாங்கிய தாழ்வாரமும், சாய்சட்டங்கள் பொருத்திய சன்னற் கதவுகளும் இருக்கின்றன. வெயில் ஒன்றே, அதற்கு இருவேறு மக்கள் கூறிய விடைகள் இரண்டு.

மூன்றாவது விடையொன்றும் இந்நகரில் உண்டு. ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா என்னும் விடுதியே அது. செக் நாட்டிற் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த அந்தோனின் ரேமண்டு இதனை 1930களில் ஜப்பானிலிருந்து வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் புதுவையிலே தங்கி வேலையை நடத்தினர். இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் ஆன இக்கட்டடத்தின் வடக்கு, தெற்கு முகப்புகள் முழுவதும் திறந்து மூடத்தக்க அகன்ற பலகைகளால் அமைந்தவை. கூரையும் இரட்டையாக அமைந்து, இடையிற் காற்றோட இடந்தருகிறது. ஆசிரமவாசிகள் பலர் இதன் வேலையிற் பங்குகொண்டனர். தொழிலை முன்னறியாதாரும் செய்து செய்தே கற்கலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, அவசரமான காரணத்தைக் கூறுவோம். கடற்கரைச் சாலையில் நின்ற மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மாதம் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர்ப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. பெயர்பெற்ற கட்டடமாதலின் அதனை மீட்க முயன்றார் பலர். வைசியாள் வீதியிலும் 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய உதவியுடன் வீட்டு முகப்புகள் பல செப்பனிடப்பட்டன. ஆனால், பெயரில்லாத சந்தில், பாகப்பிரிவினையாலோ பணமுடையாலோ விற்கப்படும் திண்ணை வீட்டிற்கு யார் இருக்கிறார்? அது வீழ்ந்த மறுதினமே அதன் அளவும் மறைந்துபோகிறது. அளவும் படமும் இல்லாத கட்டடத்தைப் பேரறிஞரும் உள்ளவாறு மீண்டும் எழுப்ப இயலாது.

ஆதலின், மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் உங்கள் பாட்டனார் வீட்டையோ அண்டை வீட்டையோ, உரியவரின் அனுமதி பெற்று, மூலைவிட்டத்தோடு அளந்து மூன்று படங்களும் வரையுங்கள். தாளின் மூலையில் தேதியையும் எழுதுங்கள். பழைய மாணவர்களாகிய பெரியோரும் தம் ஊர் வீட்டின் கதவைத் திறந்துவிட்டு, நாடாவின் மறுமுனையைப் பிடித்து உதவலாம். வரைந்த பிள்ளை பின்னாளிற் கட்டடக் கலைஞராகலாம், ஆகாமலும் போகலாம். எவ்வாறாயினும், அவ்வீடு இல்லாத காலத்தில் அவன் அல்லது அவள் வரைந்த அந்த ஒரு தாளே அதற்கு எஞ்சிய சாட்சியாகக் கூடும்.