பிறசமய வீட்டின் துக்கத்தில் நாம்



நம் தெருவிலும் கடைவீதியிலும் பணியிடத்திலும் பிறசமயச் சகோதரர்களோடு கலந்தே நாம் வாழ்கிறோம். அவர்கள் இல்லத் திருமணங்களுக்குத் தயக்கமின்றிச் செல்கிறோம். ஆனால், அடுத்த வீட்டுப் பெரியவர் மறைந்து, முப்பதாம் நாள் தேவாலயத்தில் நினைவுத் திருப்பலி என்றோ, பதினாறாம் நாள் காரியம் என்றோ செய்தி வரும்போது நம்மில் பலர் பின்வாங்கி விடுகிறோம். அங்கே என்ன செய்யச் சொல்வார்களோ, மறுத்தால் அவர்கள் மனம் நோகுமோ, செய்தால் நம் ஈமானுக்கு இழுக்காகுமோ என்ற அச்சமே காரணம். துக்க வீட்டாருக்கோ நம் அச்சம் தெரியாது. இருபது ஆண்டுகள் பழகியவர் வரவில்லை என்பது மட்டுமே தெரியும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கடந்து ஒரு ஜனாஸா சென்றது. அண்ணலார் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று கூறப்பட்டபோது, அவரும் ஓர் உயிர்தானே என்னும் கருத்தில் விடையளித்தார்கள். பின்னாளில் காதிஸிய்யாவில், ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி), கைஸ் பின் ஸஅத் (ரலி) ஆகிய தோழர்கள் முஸ்லிமல்லாத ஒருவரின் பிரேதம் சென்றபோது எழுந்து நின்று, இந்நிகழ்ச்சியையே காரணமாகக் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். மரணத்தின் முன் மரியாதை காட்டுவது வேறு. பிறரது வணக்கத்தில் பங்கு கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்கு அச்சம் பாதி நீங்கிவிடும்.

நம் வீட்டு மவ்த்தை எண்ணிப் பாருங்கள். பிறசமய நண்பர்கள் சந்தூக்கின் பின்னே பள்ளிவாசல் வரை நடந்து வருகிறார்கள். ஜனாஸா தொழுகைக்கு அணி வகுக்கும்போது அமைதியாக ஒதுங்கி நிற்கிறார்கள். பிறகு கபர்ஸ்தானுக்கும் உடன் வருகிறார்கள். அவர்கள் தொழவில்லையே என்று நாம் என்றேனும் வருந்தியதுண்டா? வந்தார்களே என்றுதான் நெகிழ்கிறோம். அந்த இல்லத்தாரும் நம்மிடம் எதிர்பார்ப்பது அவ்வளவே.

கத்தோலிக்க நினைவுத் திருப்பலியில் என்ன நிகழும் என்பதை முன்னரே அறிந்துகொள்வது நலம். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாக, இலத்தீனில் நடந்துவந்த வழிபாடு மக்கள் மொழிகளுக்கு மாறியது. ஆகவே அங்கு சொல்லப்படுவது உங்களுக்கு விளங்கும். நுழைவாயிலில் தீர்த்தத் தொட்டி இருக்கும். அதைத் தொடாமலே உள்ளே செல்லலாம். பின்வரிசையில் அமருங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். வேத வாசகமும் குருவின் மறையுரையும் தொடரும். எல்லோரும் எழும்போது மரியாதைக்காக எழலாம். மண்டியிடும்போது நீங்கள் அமர்ந்திருந்தால் போதும். பின்னர் நற்கருணை அப்பம் பெற வரிசையாகச் செல்வார்கள். அது அவர்தம் திருச்சபையினருக்கு உரியது; பிறர் பெறுவதை அவர்களே எதிர்பார்ப்பதில்லை. எனவே இருக்கையிலேயே இருப்பது அவமதிப்பாகாது.

இந்துச் சகோதரர் இல்லத்தில் மறைந்தவரின் படத்திற்கு மாலையிட்டு, விளக்கேற்றி, வந்தோர் மலர் தூவுவது உண்டு. நீங்கள் மலர்த்தட்டை அடுத்தவரிடம் பணிவோடு கொடுத்துவிட்டு, சற்று நேரம் மௌனமாக நிற்கலாம். அங்கிருந்து புறப்படும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லும் வழக்கமில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். படையலிட்ட உணவு குறித்து ஐயம் இருந்தால், மறுப்பதற்குப் பதிலாக முதல் நாளே வீட்டாரிடம், "அக்கா, நாங்கள் அவசியம் வருகிறோம். பூசையின்போது ஓரமாக இருப்போம், படைத்ததை மட்டும் உண்ணமாட்டோம், தவறாக எண்ண வேண்டாம்" என்று கூறிவிடுங்கள். பழகியவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பிறசமய வழிபாட்டுத் தலத்தினுள் செல்வது பற்றி நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். உள்ளே செல்ல மனம் ஒப்பாதவர்கள் அன்று மாலையே அவர்கள் இல்லத்திற்குச் சென்று துக்கம் விசாரியுங்கள். மறைந்தவருக்காகப் பாவமன்னிப்புக் கோருவதற்கு மார்க்கம் வரம்பு வகுத்துள்ளது. ஆனால் இருப்பவர்களுக்கு ஆறுதல் கூறவும், மறைந்தவரின் நற்பண்புகளை எடுத்துரைக்கவும் தடை ஏது? "உங்கள் அப்பா எங்கள் பிள்ளைகளைத் தம் பேரப் பிள்ளைகளாகவே நடத்தினார்" என்னும் ஒரு சொல் அந்த வீட்டில் நெடுநாள் நிலைத்திருக்கும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். துயரில் மூழ்கியவருக்கு அடுப்பு மூட்டவும் மனம் வராது என்பதை உணர்ந்த வழிகாட்டல் அது. இந்த நன்முறையை அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் நாம் கைக்கொள்ளலாம். சைவ உணவினர் என்றால் அதற்கேற்பப் பழமும் பாலும் கொடுத்தனுப்புங்கள்.

சடங்குகள் முடிந்ததும் உறவினர் ஊருக்குத் திரும்பிவிடுவர். வீட்டில் ஒரு நாற்காலி வெறுமையாகக் கிடக்கும். சகோதரிகளே, அதன் பிறகு வரும் ஒரு நண்பகலில் மீண்டும் ஒருமுறை அந்தக் கதவைத் தட்டுங்கள்.