அண்டார்டிகத் தீபகற்பத்தின் பெயரீடு: சிறப்புக்கூறும் பொதுக்கூறும்

இடப்பெயரைச் சிறப்புக்கூறு, பொதுக்கூறு எனப் பகுத்து நோக்குவது இடப்பெயராய்வின் வழக்கமாகும். நிலையான குடிகள் இல்லாத நிலத்தில் இவ்விரு கூறுகளும் எவ்வாறு அமைகின்றன என்பதற்கு அண்டார்டிகத் தீபகற்பம் தக்க சான்றாக உள்ளது. தென்னமெரிக்காவை நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்நிலத்திற்கு மக்கள் வழக்கில் தோன்றிய தொல்பெயர் ஏதுமில்லை. கடலோடிகளும் அரசுகளும் இட்ட பெயர்களே உள்ளன.

1820 சனவரியில் எட்வர்டு பிரான்ஸ்ஃபீல்டு இதன் வடமுனையைக் கண்டு டிரினிட்டி நிலம் எனப் பெயரிட்டார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கச் சீல் வேட்டைக் கப்பலின் தலைவர் நத்தானியேல் பால்மரும் இதனைக் கண்டார். 1832இல் ஜான் பிஸ்கோ, பிரித்தானியக் கடற்படை அமைச்சர் ஜேம்ஸ் கிரகாமின் பெயரை இதற்குச் சூட்டினார். இதன் விளைவாகப் பிரித்தானிய நிலப்படங்களில் கிரகாம் நிலம் என்றும், அமெரிக்க நிலப்படங்களில் பால்மரின் பெயராலும் ஒரே நிலம் குறிக்கப்பட்டது. இப்பகுதிக்கு உரிமை கோரும் அர்ஜென்டினாவும் சிலியும் தத்தம் விடுதலைத் தலைவர்களான சான் மார்ட்டின், ஓ'ஹிக்கின்ஸ் ஆகியோரின் பெயர்களை இட்டன. முதலில் கண்டவர் எவர் என்னும் வினா ஆட்சியுரிமையோடு பிணைந்திருந்தமையால் இது வெறும் சொல்வழக்கு வேறுபாடாக நிற்கவில்லை.

சிறப்புக்கூற்றில் அரசியல் புலப்படுகிறது என்றால், பொதுக்கூற்றில் அறிவியல் பிழை புலப்படுகிறது. ஆய்வாளர் கவனத்தை அதிகம் பெறத்தக்கது பின்னதே. 1928 டிசம்பர் 20 அன்று வானூர்தியில் பறந்த ஹியூபர்ட் வில்கின்ஸ், பனியாறுகளைக் கடற்கால்வாய்கள் எனக் கொண்டார். அதனால் இந்நிலம் தீவுக்கூட்டம் எனக் கருதப்பட்டது. கேசி கால்வாய், ஹெர்ஸ்ட் நிலம் என அவர் இட்ட பெயர்கள் நிலப்படங்களில் ஏறின. ஜான் ரைமில் தலைமையிலான 1934-37 பிரித்தானியக் குழு, குறுக்கே கால்வாய் ஏதுமில்லை, இது ஒரே தீபகற்பம் என நிறுவியது. இன்று அவை கேசி பனியாறு, ஹெர்ஸ்ட் தீவு என வழங்குகின்றன. கால்வாய் பனியாறாயிற்று, நிலம் தீவாயிற்று. சிறப்புக்கூறுகளோ மாறவில்லை. நிலத்தின் இயல்பைச் சுட்டும் கூறு திருத்தத்திற்கு உட்பட, மனிதரைச் சுட்டும் கூறு நிலைத்துவிட்டது.

1959ஆம் ஆண்டின் அண்டார்டிக உடன்படிக்கை, உரிமைக்கோரல்களை ஏற்காமலும் மறுக்காமலும் நிறுத்திவைத்தது. 1964இல் பிரித்தானிய, அமெரிக்கப் பெயரீட்டுக் குழுக்கள் உடன்பாடு கண்டன. முழு நிலத்திற்கும் எவர் பெயரும் சாராத அண்டார்டிகத் தீபகற்பம் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. ஜெரமி முனையையும் அகாசி முனையையும் இணைக்கும் கோட்டிற்கு வடக்கே கிரகாம் நிலம், தெற்கே பால்மர் நிலம் என வரையறுக்கப்பட்டது. அர்ஜென்டின, சிலி நிலப்படங்களில் அந்நாடுகள் இட்ட பெயர்களே இன்றும் தொடர்கின்றன.